ரூஜ் காட்டுப்பாதையும் ஸ்காபரோ ஏரிக்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் காசில்லாமல் போய்வர இரண்டு அருமையான இடங்கள் உண்டு: ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் நடைபாதைகளும், ஒன்ராறியோ ஏரியின் பிளஃபர்ஸ், ரூஜ் கரைகளும். இவற்றுக்கு வாசலும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. அதனால் வாசலில் மறித்து "இண்டைக்குத் தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ" என்று சொல்லவும் ஆள் இல்லை. அந்த ஆள் சொல்லக்கூடியவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

ரூஜ் பூங்காவுக்கு உண்மையிலேயே கட்டணம் இல்லையா?

இல்லை. கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. 2015இல் சட்டம் மூலம் உருவானது. ஏறத்தாழ 79 சதுர கிலோமீட்டர் பரப்பு. தெற்கே ஏரிக்கரையில் தொடங்கி வடக்கே ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலம் வரை போகிறது. நடப்பதற்கு முன்பதிவு எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மிருகக்காட்சிச்சாலையின் கார் தரிப்பிடம் வேறு, அங்கே காசு உண்டு. அதற்குள் நுழைந்துவிட்டு "இலவசம் எண்டினமே" என்று குழம்புகிறவர்கள் பலர்.

முதல் தடவை போகிறோம். அம்மம்மாவும் வருகிறா. எந்தப் பாதை?

விஸ்டா பாதை. நீளம் ஒன்றரை கிலோமீட்டர் அளவு. மிருகக்காட்சிச்சாலைப் பக்கத்திலிருந்து தொடங்கினால் சற்றுத் தூரத்திலேயே மரத்தாலான பார்வை மேடை வந்துவிடும். பள்ளத்தாக்கு முழுவதும் அதிலிருந்து தெரியும். அம்மம்மா அதுவரை வந்து திரும்பினாலே போதும். ஒக்டோபர் நடுப்பகுதியில் இலை நிறம் மாறும்போது பார்க்க இதைவிட நல்ல இடம் ஸ்காபரோவில் இல்லை என்பது எங்கள் கட்சி.

மாஸ்ட் பாதைக்கு அவவைக் கூட்டிப்போக வேண்டாம். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் கப்பல் பாய்மரத்துக்காக மரம் தறித்து இழுத்த வழி அது. ஏற்றமும் இறக்கமும் செங்குத்தாக இருக்கும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம்.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. இந்தப் பாதைகளில் பல, சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிவதில்லை. போன வழியேதான் திரும்ப வேண்டும். பலகையில் 2 கிலோமீட்டர் என்றிருந்தால் உங்கள் கால் நடக்கப்போவது 4. பின்னேரம் 6 மணிக்குத் தொடங்கிவிட்டு இருட்டில் வேர் தடக்கி விழுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டவர்கள்தான். சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காருக்குள் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

இரண்டு மணி நேர நடைக்கு ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், வெயிலில் ஒன்றரை. பாதையில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செருப்பு வேண்டாம், அடியில் பல் வைத்த சப்பாத்துப் போடுங்கள். இங்கே களிமண். ஏப்ரலில் பனி உருகியதும் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். கைபேசியை முழுச் சார்ஜில் வைத்திருங்கள். பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் மெலியும் இடங்கள் உண்டு. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 911 அழைக்க நேர்ந்தால் "ரூஜ் பூங்கா" என்றால் அவர்களுக்குப் போதாது. பாதையின் பெயர், எந்தத் தரிப்பிடத்திலிருந்து நடந்தீர்கள், எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

உண்ணி, உண்ணி என்று பயமுறுத்துகிறார்களே?

பயப்படத் தேவையில்லை. கவனம்தான் தேவை. ரூஜ் பள்ளத்தாக்கில் கருங்கால் உண்ணி இருக்கிறது. லைம் நோயைக் கடத்துவது அதுதான். அது மரத்திலிருந்து குதிக்காது, பறக்காது. புல் நுனியிலும் தாழ்ந்த செடியிலும் காத்திருந்து, உரசிப் போகும் காலில் தொற்றும். வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே நடமாடத் தொடங்கும். ஆகவே இது கோடைக்கு மட்டுமான கவலை இல்லை. ஏப்ரலிலும் நவம்பரிலும் கடிபட்டவர்கள் உண்டு.

வளர்ந்தது எள்ளளவு. குஞ்சு கசகசா அளவு. குஞ்சுதான் ஆபத்து, ஏனென்றால் கண்ணில் படாது.

போகும்போது வெளிர் நிற நீளக் காற்சட்டை போட்டு, அதன் அடியைக் காலுறைக்குள் விடுங்கள். பார்க்க வடிவில்லைத்தான். ஆனால் உண்ணி தோலைத் தொட இடமில்லாமல் மேலே ஊர்ந்து வரும். வெள்ளைத் துணியில் உடனே தெரியும். காலுறை, சப்பாத்து, முழங்கால் வரை டீட் அல்லது இகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி மருந்தை அடியுங்கள். பாதையின் நடுவில் நடவுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக் கழற்றி உலர்த்தும் இயந்திரத்தில் அதிக சூட்டில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். துவைப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். உண்ணி தண்ணீரில் தப்பிவிடும், வறண்ட சூட்டில் செத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம், தொப்புள், காதின் பின், தலைமயிர் எல்லாம் பாருங்கள். நீண்ட முடியுள்ள பெண் பிள்ளைகளுக்கு விரலால் தடவித்தான் பார்க்க முடியும்.

கடித்துக்கொண்டிருக்கிறது. தேங்காய் எண்ணெய் பூசினால் விழுந்துவிடுமாமே?

பூசாதீர்கள். எண்ணெய், நகப்பூச்சு, தீக்குச்சி மூன்றும் பிழை. உண்ணி தத்தளிக்கும்போது தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கும் அபாயம் கூடும். கூரிய முனையுள்ள இடுக்கியை எடுத்து, தோலை ஒட்டி, உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல், நசுக்காமல், ஒரே சீராக நேரே மேலே இழுங்கள். வாய்ப்பகுதி உள்ளே நின்றுவிட்டால் கிண்ட வேண்டாம், தோலே அதைத் தள்ளும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேதியைக் குறித்துவையுங்கள். உண்ணியை மூடியுள்ள குப்பியில் போடுங்கள்.

24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தது என்று தோன்றினால், கழற்றியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஒற்றை வேளை மருந்து எடுக்கும் வாய்ப்பு உண்டு. ஒன்ராறியோவில் இதை மருந்தாளரே எழுதித் தரலாம், குடும்ப வைத்தியரின் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அதன் பிறகு 30 நாள் கவனியுங்கள். லைம் நோய்க்கு அடையாளமாகப் புத்தகத்தில் காட்டும் சிவப்பு வளையம் வெள்ளைத் தோலில் எடுத்த படம். நம்முடைய தோலில் அது கருநீலமாக, கண்டிய தழும்பு மாதிரித் தெரியலாம், அல்லது தெரியாமலே போகலாம். படர்வு, காய்ச்சல், மூட்டு நோ, முகத்தில் ஒரு பக்கம் இழுத்தல், இதில் எது வந்தாலும் உண்ணிக் கடியைச் சொல்லிக் காட்டுங்கள்.

தொடக்கூடாத செடி எது?

மூவிலைச் செடி. ஆங்கிலத்தில் பொய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலையின் காம்பு மட்டும் சற்று நீளம். நம் ஊர் சேராங்கொட்டை, மாமரம், முந்திரி எல்லாம் இதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்து பழகியவர்களுக்கு இதுவும் கடுமையாகப் பிடிக்கலாம். பட்டால் 10 நிமிடத்துக்குள் சவர்க்காரமும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை சப்பாத்து நாடாவிலும் நாயின் ரோமத்திலும் தங்கி, நாட்கள் கழித்தும் கடிக்கும். கொப்புளத்தின் நீரால் அது பரவாது.

மஞ்சள் பூக் குடை விரித்த காட்டுப் பார்ஸ்னிப் இன்னொன்று. அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி ஆகும்.

கீரை, காளான் பறிக்கலாமா? மீன்?

ரூஜில் செடி, பூ, காளான், கல், விறகு எதுவும் எடுக்கக்கூடாது. "ஒரு பிடிதானே" என்று எல்லோரும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் காட்டுப் பூண்டு உதாரணம். விதையிலிருந்து அது முற்றவே பல ஆண்டு ஆகும்.

மீன் பிடிக்க 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு மாகாண உரிமம் வேண்டும். செப்டம்பர் கடைசியில் சால்மன் ஆற்றில் மேலேறும்போது கையாலும் வலையாலும் அள்ளுவது குற்றம். அவை முட்டையிட வருகின்றன. பாலத்தில் நின்று பாருங்கள், அதுவே கண்கொள்ளாக் காட்சி.

பாதையில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடப்பது எப்படி?

வலப்பக்கம் நடவுங்கள். நால்வர் கைகோத்து நடந்தால் பின்னால் வருகிறவர் காட்டுக்குள் இறங்கித்தான் முந்த வேண்டும். ஏறி வருகிறவருக்கு வழிவிடுங்கள். சேறு வந்தால் சேற்றுக்குள்ளாலேயே போங்கள். ஓரமாகச் சுற்றிப்போகும் ஒவ்வொரு சப்பாத்தும் பாதையை ஒரு அடி அகலமாக்கி, ஓரத்துச் செடியைக் கொல்கிறது. நாயை 2 மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் வையுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், நீங்கள் கேட்கும் பாட்டு எவ்வளவு நல்லதென்றாலும் பறவை பார்க்க வந்தவருக்கு அது இரைச்சல்தான்.

இனி ஏரி. தண்ணீர் குளிக்க நல்லதா என்று எப்படித் தெரியும்?

கோடையில் நகரம் தன் குளிக்கும் கரைகளில் தண்ணீர் எடுத்து ஈ.கோலை கிருமியைச் சோதிக்கிறது. 100 மில்லிலீற்றரில் 100க்கு மேல் போனால் ரொறன்ரோ எச்சரிக்கை விடும். மாகாணத்தின் அளவு 200. ஆகவே நகரம் கொஞ்சம் இறுக்கம்.

ஆனால் சோதனை முடிவு வர ஒரு நாள் பிடிக்கும். இன்றைய பலகையில் இருப்பது நேற்றைய தண்ணீர். நேற்றிரவு இடிமழை பெய்திருந்தால் பலகை நல்லது என்று சொன்னாலும் நம்பாதீர்கள். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் அது நிரம்பி வழிந்து ஏரிக்குப் போகும். பெருமழைக்குப் பின் 48 மணி நேரம் விடுங்கள். ஆறு வந்து சேரும் இடமான ரூஜ் கரையில் இன்னும் கவனம் வேண்டும். முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள். பாதம் தெரியவில்லை என்றால் இறங்க வேண்டாம்.

வாத்துக்குப் பாண் போடாதீர்கள். நகரச் சட்டமும் தடுக்கிறது. அவை கூடினால் எச்சமும் கூடும், அந்த எச்சம் உங்கள் பிள்ளை விளையாடும் தண்ணீரில்தான் கரையும்.

வெளியே 32 பாகை வெயில். தண்ணீர் ஏன் பனிக்கட்டி மாதிரி?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இது.

ஒன்ராறியோ ஏரி ஆழமானது. சராசரி 86 மீற்றர், ஆகக் கூடியது 244. கோடையில் மேலே ஒரு படை மட்டும் சூடாகும், கீழே வருடம் முழுக்கக் குளிர். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து அடித்தால், சூடான மேல்தண்ணீரை அது நம் கரையிலிருந்து நடு ஏரிக்குத் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் மேலே வரும். நேற்று 20 பாகையாக இருந்த தண்ணீர் இன்று 10 பாகையாக இருக்கலாம். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு வஞ்சகம்: நிலத்திலிருந்து ஏரிக்குக் காற்று அடிக்கும் நாளில்தான் கரையோரம் அலையே இல்லாமல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். "இண்டைக்கு ஏரி சோக்கா இருக்கு" என்று எல்லோரும் இறங்குவது அன்றைக்குத்தான். குளிர்ந்த தண்ணீர், வெளியே தள்ளும் காற்று, இரண்டும் சேர்ந்த நாள் அது.

15 பாகைக்குக் கீழே திடீரென்று விழுந்தால் உடல் தானாக ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரையிலிருந்து சில மீற்றருக்குள் மூழ்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். உறைநிலைத் தண்ணீருக்கு மீட்பாளர்கள் சொல்லும் கணக்கு 1-10-1: மூச்சை அடக்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். கோடைத் தண்ணீரில் பின்னிரண்டும் நீளும். முதல் நிமிடம் மட்டும் பெரிதாக மாறாது.

ஆகவே குதிக்காதீர்கள், நடந்து இறங்குங்கள். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று நின்று நின்று. கையில் அள்ளி முகத்திலும் பிடரியிலும் விடுங்கள். கணுக்கால் கடுத்தால் அன்றைக்கு மணல் விளையாட்டோடு நிறுத்துங்கள்.

ஊரில் கடலில் நீந்தி வளர்ந்தவன். ஏரிதானே?

யாழ்ப்பாணத்துக் கசூரினாக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் போகலாம், உப்புத்தண்ணீர் உங்களைத் தாங்கும், சூடும் இருக்கும். இங்கே மூன்றும் இல்லை. நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை வீதம் அளவு அடர்த்தி குறைவு. அங்கே சும்மா மிதந்தவர் இங்கே மூக்கு வரை அமிழ்வார். அடித்தரையும் சமமில்லை. மணல்திட்டு முடிந்து அடுத்த அடி தலைக்கு மேல் போகலாம். கற்சுவர், அலைதாங்கி ஓரங்களில் நீரோட்டம் சுவரை ஒட்டியே வெளியே இழுக்கும், அங்கே குளிக்க வேண்டாம்.

சேலை, சல்வார், ஜீன்ஸ் எல்லாம் நனைந்தால் காலைச் சுற்றும். உடம்பை மூடிய நீச்சல் உடுப்பு இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

பிள்ளைகளுக்குக் காற்றடைத்த மிதவை போதுமா?

போதாது. அது விளையாட்டுச் சாமான். மேலே சொன்ன காற்றில் ஒரு மிதவை நீங்கள் நீந்துவதைவிட வேகமாகப் போய்விடும். மிதவை போனால் போகட்டும், துரத்தாதீர்கள். துரத்திப் போனவர்கள்தான் திரும்பவில்லை.

கனடா அரசின் அங்கீகார முத்திரை உள்ள உயிர்காப்பு அங்கி வாங்குங்கள், எடைக்கு ஏற்ற அளவில். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதைத் தாண்டி வந்தால் அது பெரிது. கால்களுக்கிடையே போகும் பட்டியையும் பூட்டுங்கள்.

அங்கி போட்டிருந்தாலும் நீந்தத் தெரியாத பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பத்துப் பெரியவர்கள் இருக்கும் கூட்டத்தில்தான் பிள்ளை தவறும். மாமா பார்க்கிறார் என்று சித்தி நினைப்பா, சித்தி பார்க்கிறா என்று மாமா நினைப்பார். 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறையில் இருப்பவர் கையில் ஒரு சிவப்புத் தொப்பியைக் கொடுங்கள். தொப்பி இருப்பவர் கைபேசி தொடக்கூடாது, இறைச்சி வாட்டக்கூடாது. பியர் குடித்தவருக்குத் தொப்பி கிடையாது.

உயிர்காப்பாளர்கள் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொழிலாளர் தினம் வரைதான் பொதுவாக இருப்பார்கள், அதுவும் பலகையில் போட்ட நேரத்துக்கு மட்டும். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் இறங்காதீர்கள்.

ஒருவர் மூழ்குகிறார். என்ன செய்வது?

மூழ்குகிறவர் கத்தமாட்டார், கையசைக்கமாட்டார். நிமிர்ந்து நின்றபடி, தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், ஏணி ஏறுவது போலக் கை அடிக்கும். சத்தமே இருக்காது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் திரும்பிப் பாருங்கள்.

உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், ஒருவர் 911 அடிக்கட்டும். பயிற்சி இல்லாதவர் நீந்திப் போகக்கூடாது. தவிக்கிறவர் உங்களைப் பிடித்து அமுக்குவார். தடியை நீட்டுங்கள், துப்பட்டாவை எறியுங்கள், மூடிய குளிர்ப்பெட்டியை எறியுங்கள். அது நன்றாக மிதக்கும்.

மாட்டிக்கொண்டவர் நீங்களென்றால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். இழுக்கும் நீரோட்டத்தை எதிர்க்காமல், அது தளரும் பக்கமாகக் கரையைப் பிடியுங்கள்.

பிளஃப்ஸ் குன்றுகளின் விளிம்பில் படம் எடுக்கலாமா?

வேண்டாம். அந்தக் குன்றுகள் பாறை இல்லை. பனியுகத்தில் படிந்த மணலும் களியும், உயரம் சில இடங்களில் 90 மீற்றர். அடியில் ஏரி அரிக்கிறது, மேலே மழை கரைக்கிறது. விளிம்பின் கீழ் மண் போய், புல் மட்டும் பாய் போல நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களை மேலே நிற்பவரால் பார்க்க முடியாது. வேலி போட்ட இடம் நேற்றுப் பாதுகாப்பான தூரமாக இருந்தது. கீழே நின்று எடுத்தால் படமும் நன்றாக வரும், ஆனால் குன்றின் அடியை ஒட்டி விரிப்புப் போடாதீர்கள்.

40 பேர் சேர்ந்து சாப்பாடு வைக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

நகரப் பூங்காவில் 25 பேருக்கு மேல் என்றால் அனுமதி எடுக்க வேண்டும். நல்ல கோடை வார இறுதிகள் வசந்தத்திலேயே போய்விடும். ரூஜ் பாதைகளில் நெருப்பு மூட்டக்கூடாது.

கரி அடுப்பு அனுமதித்த இடத்தில், கரியை மணலில் புதைக்காதீர்கள். மணல் சூட்டைப் பிடித்துவைக்கும், மேலே எதுவும் தெரியாது. மணிக்கணக்காகக் கழித்து வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில் மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சூடான கரிக்கென்று வைத்த தொட்டியில் போடுங்கள்.

கோழிக்கறியும் மீனும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். புளிச்சாதம் நம்மவர்கள் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு. குப்பைத் தொட்டி 2 மணிக்கே நிரம்பிவிடும். மேலே குவித்தால் ரக்கூன் இரவில் பரப்பும். இரண்டு பெரிய கறுப்புப் பை கொண்டுபோய்க் காரில் எடுத்துவாருங்கள்.

ஏரியில் பூசை செய்யலாமா? அஸ்தி கரைக்கலாமா?

பூவின் இதழ் சிறிதளவு கரையும். நூல், நெகிழி மாலை, சில்லறை, மண்ணெண்ணெய் விளக்கு, பட்டுத்துணி கரையாது, அடுத்த நாள் மணலில் ஒதுங்கும். தேங்காயைத் தண்ணீரில் விடாமல் திருப்பி எடுத்துவாருங்கள். அஸ்தியை நகரப் பூங்காவிலோ ரூஜிலோ கரைப்பதற்கு முன் அந்த நிர்வாகத்திடம் கேளுங்கள், குளிக்கும் கரையையும் நேரத்தையும் தவிருங்கள். விடிய 7 மணிக்கு வந்தால் உங்களுக்கும் அமைதி.

கார் நிறுத்த இடம்?

பிளஃபர்ஸில் வெயில் ஞாயிறு என்றால் காலை 10 மணிக்கு முன்னால். நிரம்பினால் பிரிம்லி வீதியை மறித்துவிடுவார்கள், அக்கம்பக்கத் தெருவில் நிறுத்தினால் தண்டச்சீட்டு. அந்த இறக்கத்தை வெயிலில் நடந்து ஏறுவது லேசில்லை. ரூஜ் கரைக்கு ரூஜ் ஹில் ரயில் நிலையத்தில் இறங்கிக் கால் மணி, இருபது நிமிடம் நடந்தால் போதும். அந்தப் பாதையில் சைக்கிள்களும் வரும். மணி கேட்டால் வலப்பக்கம் ஒதுங்குங்கள்.

குளிர்காலத்தில் போகலாமா?

பாதைக்குப் போகலாம். உப்புப் போட்டுத் தள்ளித் துப்புரவாக்குவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சப்பாத்தில் மாட்டும் முள் பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆற்றின் மேலும் ஏரியோரத்திலும் உள்ள பனிக்கட்டியில் கால் வைக்காதீர்கள். கீழே தண்ணீர் ஓடுகிறது, ஓடும் தண்ணீரின் மேல் பனி எங்கும் ஒரே தடிப்பாக உறைவதில்லை. கரையில் அலை தெறித்துக் குவிந்த பனிமேடு உள்ளே வெறும் பொந்து.